மூன்றாம் ஒற்றையும் ஆறாம் ஒற்றையும்

மச்சான்,

கொழும்பு அச்சகத்திலிருந்து வந்த பொதியைப் பிரித்ததும் கடை முழுக்க அந்த மணம் எழும்பிவிட்டது. பூச்சுப் போட்ட புதுத் தாளின் மணம். உனக்கு அது ஆகவே ஆகாது. "ஆசுபத்திரிக்குள்ள நிக்கிற மாதிரி இரிக்கு, மூடி வை" என்பாய். இந்தமுறை மூடச் சொல்ல ஆளில்லை. மேசை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளங்கை அகலத்தில் பதினைந்து இருபது மாதிரித் தாள்கள். மினுக்கமானது, மினுக்கமில்லாதது, பூச்சே இல்லாதது என்று, ஒவ்வொன்றின் மூலையிலும் எத்தனை கிராம் என்ற இலக்கத்தோடு. அட்டைக்கு வேறொரு கட்டு. கூடவே ஒரு படிவம். எந்தத் தாள், எந்த அட்டை, தைப்பதா பசையால் ஒட்டுவதா, மொத்தம் எத்தனை ஒற்றைத் தாள் என்று நிரப்பி அனுப்பவேண்டும். நம்முடைய புத்தகத்தை இரண்டாம் தரம் அச்சடிக்கப் போகிறேன். யுத்தம் முடிந்து இது இரண்டாவது வருசம். முதல் அச்சில் ஒரு பிரதிகூட ஊரில் முழுசாக இல்லை. ஏன் இல்லை என்பதில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

படிவத்தில் மற்றக் கட்டங்களை நிரப்பிவிட்டேன். எத்தனை ஒற்றை என்ற கட்டம் மட்டும் நாலு நாளாக வெறுமையாகக் கிடக்கிறது.

சுனாமி அலை வந்த வருசம் கடல் நம்முடைய பிரதான வீதிவரை வரவில்லை. மாடியில் உன் ஸ்டூடியோவும் கீழே என் புத்தகம் கட்டும் கடையும் தப்பின. அதற்குப் பிறகு உன் படிக்கட்டில் ஏறிய காலடிச் சத்தத்தை நான் கீழே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். சாய்ந்தமருதிலிருந்து, மருதமுனையிலிருந்து, காரைதீவிலிருந்து, பாண்டிருப்பிலிருந்து. "எங்கட புள்ளைட படம் ஒண்டு இரிக்குமா?" வீட்டோடு அல்பமும் போய்விட்டது. உன் பிஸ்கட் தகரங்களில் இருந்த நெகடிவ்தான் மிச்சம். யாரோ ஒருவருடைய கலியாணப் படத்தில் ஓரமாகத் தட்டு ஏந்தி நின்ற பெண்ணை, பள்ளிக்கூடக் கூட்டுப்படத்தில் மூன்றாம் வரிசையில் நின்ற பையனை, தனியாக வெட்டிப் பெருப்பித்துக் கொடுத்தாய். ஒன்றரை வருசம் இதுதான் உன் வேலை.

புத்தகமாக்குவோம் என்று சொன்னது நான். அது நினைவிருக்கட்டும், பிறகு உன்மேல் கோபப்பட்டதும் நான்தான். வெளிநாட்டு உதவியோடு வந்த ஒரு கூட்டம் தாங்களே அச்சடித்துத் தருவதாகவும், பின்னட்டையில் தங்கள் சின்னம் மட்டும் போதும் என்றும் சொன்னது. "செத்தவங்கட முதுகில விளம்பரமா?" என்று கேட்டு அவர்களைப் படியிறக்கி விட்டாய். பிறகு நீயும் நானும்தான். சங்கமும் இல்லை, தலைவரும் இல்லை.

ஒரு ஆளுக்கு ஒரு ஒற்றை என்று முடிவு செய்தோம். தாளின் முன்பக்கம் முகம், பின்பக்கம் வெறுமை. அந்த வெறுமையில் வீட்டார் விரும்பியதை எழுதிக்கொள்ளலாம். தாள் விசயத்தில் முதல் சண்டை அங்கேதான் வந்தது. மினுக்கத் தாள்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். முகம் கண்ணாடியாகத் தெரியவேண்டும் என்பது என் வாதம். நீ மாதிரித் தாளை எடுத்து, குமிழ்முனைப் பேனையால் உன் பெயரை எழுதி, விரலால் தடவிக் காட்டினாய். பெயர் மை இழுபட்டுப் போயிற்று.

"முகம் பளபளக்கத் தேவல்ல மச்சான். எழுதினா நிக்கணும்."

மினுக்கத் தாளை நானே ஒதுக்கி வைத்தேன். அட்டைச் சண்டை இன்னும் மோசம். கடல் படம் போடலாம் என்று ஒரு பேச்சு வந்தபோது காரைதீவிலிருந்து வந்த ஒரு தாய், "கடலைப் போட்டா நான் வீட்டுக்குள்ள எடுக்கமாட்டன்" என்றாள். பச்சை என்றால் எங்கள் ஆட்களின் புத்தகமாகிவிடும். சிவப்பும் மஞ்சளும் இயக்கத்தின் நிறம், பேச்சுக்கே இடமில்லை, அந்த நாளில் அந்த நிறங்களைப் பையில் வைத்துக்கொண்டு வீதியில் போகமுடியாது. வெள்ளை என்றால் செத்தவரைச் சுற்றும் கபன் துணி ஞாபகம் வரும் என்றேன். "உங்களுக்கு மட்டுமா?" என்றாய். நீலம் திரும்பவும் கடல். கடைசியில் மருதமுனைத் தறியில் நெல்லு நிறத்தில் துணி நெய்வித்து அட்டையில் ஒட்டினோம். எழுத்து ஒன்றும் வைக்கவில்லை. நெல்லைப் பார்த்து எவனும் சண்டைக்கு வரமாட்டான் என்று சொல்லி நீ சிரித்தது, அந்த நாட்களில் நாம் சிரித்த ஒன்றிரண்டு தடவைகளில் ஒன்று.

என் கூடப்பிறந்த ராத்தாதான் பிறகு சண்டைக்கு வந்தா. அவவுடைய மகள், எனக்கு மருமகள், பதினேழு வயது. அலையில் போனவள். அவளுடைய ஒரே படம் ஒரு கலியாண வீட்டில் நீ எடுத்தது. "எல்லாரும் எச்சில் தொட்டுப் புரட்டிப் பாக்கிற மாதிரி என்ட புள்ள இருக்கப்படாது" என்று ராத்தா முடிவாகச் சொல்லிவிட்டா. நான் விட்டுவிடுவோம் என்றேன். நீ விடவில்லை. பழைய கலியாண அல்பங்களில் படத்துக்கும் படத்துக்கும் இடையில் ஊடுதெரியும் மெல்லிய தாள் வருமே, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே ராத்தா வீட்டுக்குப் போனாய். படத்தின் மேல் விளிம்பில் மட்டும் அதை ஒட்டிக் காட்டினாய். முகம் பனிக்குள் நிற்பதுபோல ஒரு நிழலாகத் தெரிந்தது.

"இது உங்கட மகளுக்கு முக்காடு ராத்தா. உரிமை உள்ளவங்கதான் தூக்கிப் பாக்கலாம்."

ராத்தா அழுதுகொண்டே சம்மதித்தா. பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருடைய படத்துக்கும் அந்த மெல்லிய தாளைக் கேட்டார்கள். உங்கள் ஊரில் இரண்டு தாய்மாரும் கேட்டார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் உன் தம்பி இல்லாமற்போனான். ரியூசனுக்குப் போனவன் வரவில்லை. சைக்கிள் நாவிதன்வெளிப் பக்கம் ஒரு வரம்பில் சாத்தியபடி கிடைத்தது. யார் கூட்டிக்கொண்டு போனது என்று நாலு பேர் நாலு விதமாகத் தொடங்கினார்கள், ஒருவரும் முடிக்கவில்லை. தேடிப் போனால் தேடுகிறவனையும் தேடவேண்டி வரும் காலம். நீ கடைக்கு வந்தாய், வேலை செய்தாய், தம்பியின் பெயரை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் தெரிந்ததாகிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை அப்போது மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அச்சடித்த தாள்கள் கொழும்பிலிருந்து வந்தன. மடிப்பது, அடுக்குவது, தைப்பது என் வேலை. நாலு தாளை ஒன்றாக மடித்தால் எட்டு ஒற்றை, அது ஒரு பாகம். மூன்றாம் பாகத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அதன் மூன்றாம் ஒற்றையில் உன் தம்பி இருந்தான். விளையாட்டுச் சட்டையோடு, ஒரு பக்கம் சரிந்த சிரிப்போடு. மாடிக்கு ஏறி வந்து தாளை உன் முன்னால் வைத்தேன்.

"இது என்ன மச்சான்?"

"தம்பி."

"அவன் அலையில போகல்லையே."

"ஓம். போகல்ல." நீ கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாய். துடைப்பதை நிறுத்தவில்லை. "அலையில போன புள்ளைகளுக்கு ஊரே கூடி அழுவுது. எங்கட அம்மாக்குக் கதவப் பூட்டிப்போட்டுத்தான் அழ ஏலும். தனக்கும் ஒரு ஒத்த வேணும் எண்டா. குடுத்திட்டன்."

"ஆராவது கேட்டா?"

"அலை எண்டு சொல்லு. அலை வந்து இல்லயெண்டு சாட்சி சொல்லப்போறல்ல."

நான் கீழே இறங்கி ஊசியைக் கையில் எடுத்தேன். சம்மதித்துவிட்டேன் என்று நீ எடுத்துக்கொண்டாய். நான் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நூறு பிரதியையும் தைத்தேன்.

முதல் இருபது பிரதியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் காரைதீவுக்குப் புறப்பட்ட அன்று நடந்ததை நீ என்னிடம் கேட்கவே இல்லை. நானும் உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வீதித் தடையில் நிறுத்தினார்கள். சீருடையில் இருந்த அதிகாரி பொதியைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்து, வாகனத்தின் மேல் வைத்து, முதல் ஒற்றையிலிருந்து தொடங்கினார். கொச்சைத் தமிழ்.

"இது ஆரு?"

"அலையில மௌத்தான ஆள் சேர்."

"இது?"

"அதுவும் அலைதான் சேர்."

ஒவ்வொரு முகத்துக்கும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் இரண்டு பஸ் வந்து நின்றுவிட்டது, இறங்கிய சனம் பார்த்துக்கொண்டு நின்றது. மூன்றாம் பாகம் வந்தது. உன் தம்பியின் முகத்தில் அவருடைய பெருவிரல் நின்றது.

"இது?"

"அலை சேர்."

அந்த நேரம்தான் கண்டேன். அவனுடைய சட்டையின் நெஞ்சில் போட்டியின் பெயர் இருந்தது, அதன் கீழே வருசம். அலைக்குப் பிந்திய வருசம். மடித்தபோதும் தைத்தபோதும் நான் அதைப் பார்க்கவில்லை. நூறு தரம் என் கைக்குள்ளால் போன இலக்கம். அதிகாரியின் பெருவிரலுக்கும் அதற்கும் இடையில் ஒரு நகம் அளவுதான் இருந்தது. கலிமாவைச் சொல்லத் தொடங்கினேன், பாதியில் மறந்துபோனது.

விரல் எழும்பியது. பக்கம் திரும்பியது. ஆறாம் ஒற்றையில் என் மருமகளின் மேலிருந்த மெல்லிய தாளைத் தூக்கப்போனார். "சேர், அது பொம்புளப்புள்ள" என்றேன். கையை எடுத்துக்கொண்டார். புத்தகத்தை மூடி, நெல்லு நிறத் துணியை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"எல்லாப் புத்தகத்திலயும் இதே ஆள்களா?"

"ஓம் சேர்."

"நாளைக்கி ஒண்டு கொண்டு வந்து கேம்பில குடுங்க."

நான் காரைதீவுக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்கு வந்தேன். கதவைப் பாதி இறக்கிவிட்டேன். அந்த வருசத்தோடு உன் தம்பியைக் கேம்பில் கொடுக்க ஏலாது, அவனுடைய ஒற்றையை வெட்டி எடுக்கவேண்டும். மேலே உன் நடமாட்டம் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் வேண்டாம் என்பாய், அப்போது கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய ஆள் நான். அல்லது சரி வெட்டு என்பாய், அந்த முகத்தை நான் பார்க்கவேண்டி வரும். இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லை.

ஒரு பிரதியில் மட்டும் வெட்டினால் போதாது. இன்னொரு பிரதி அவர்கள் கையில் கிடைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், அங்கே ஏன் இருக்கிறான், இங்கே ஏன் இல்லை என்று வரும். நூறிலும் வெட்டவேண்டும். இனி நான் சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாத பாதி. தைத்த புத்தகத்தில் ஒரு ஒற்றையை எடுப்பதென்றால் விரல் அகலத்துக்கு விளிம்பு விட்டுத்தான் வெட்டுவோம். ஒரு தாளை மடித்துத்தானே இரண்டு ஒற்றை. ஒன்று மற்றதை நூலுக்குள் பிடித்து வைத்திருக்கிறது. விளிம்பும் விடாமல் வெட்டினால் மற்றப் பாதி பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும். புத்தகம் கட்டுகிறவன் முதல் நாள் தெரிந்துகொள்ளும் விசயம் இது. ஆனால் விளிம்பு விட்டால் இங்கே ஒரு ஒற்றை இருந்தது என்று கண்ணில் குத்தும். அதனால் நூல்வரை ஒட்ட வெட்டினேன்.

மூன்றாம் ஒற்றைக்குச் சோடி ஆறாம் ஒற்றை. அது யாருடையது என்று எனக்குத் தெரியும், மச்சான். தெரிந்துகொண்டுதான் வெட்டினேன்.

வெட்டும்போது உன் கேள்வி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்த நாளில், "மூண்டாம் ஒத்தைக்கு சோடி எது மச்சான்?" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தாய். "ஆறு" என்றேன், ஏன் கேட்கிறாய் என்று யோசிக்கவில்லை. இப்போது கத்தியோடு நிற்கும்போது எல்லாம் விளங்கியது போல இருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளையோடு உன் தம்பியைச் சேர்த்துக் கட்டியிருக்கிறாய், நான் கைவைக்க ஏலாதபடி என்னைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு உதவியாக இருந்தது. கை நடுங்காமல் வேலை முடிந்தது. மருமகளின் ஒற்றையைப் பசை பூசி ஒட்டினேன். உப்புக்காற்று அடிக்கும் இந்தக் கரையில் பசை எத்தனை மாதம் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒட்டினேன்.

நூறு முகம் மேசையில் கிடந்தது. எரிக்க மனம் வரவில்லை. பின்முற்றத்துத் தொட்டியில் ஊறப்போட்டுக் கையால் பிசைந்து கூழாக்கினேன். கடலில் போகாத பிள்ளையை நான் தண்ணீரில் போட்டேன். பிறகு அந்தக் கையைக் கழுவிக்கொண்டு மஃரிப் தொழப் போனேன். தொழுதேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றவர் வாங்கி உள்ளே வைத்தார். அதைப் பற்றி ஒருவரும் ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. திறந்தார்களா என்றுகூடத் தெரியாது.

உன் அம்மாவின் பிரதியை நீயாக வந்து எடுத்துக்கொண்டு போனாய். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். அடுத்த நாள் நீ வந்தபோது நான் உன்னைப் பார்க்கவில்லை, நூல்கண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், வீதித் தடையைச் சொல்லியிருப்பேன்.

"அம்மா மூண்டு தரம் புரட்டிப் பாத்திட்டா" என்றாய். "அவன ரெண்டாந்தரம் காணாமப் போக்கிட்டாய் மச்சான்."

அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் ஸ்டூடியோவை ஆலையடிவேம்புக்கு மாற்றிக்கொண்டு போனாய். படிக்கட்டில் பிஸ்கட் தகரங்கள் இறங்கியபோது நான் கடையின் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மழைக்காலம் வந்ததும் பசை விட்டது. ஊர் முழுக்க ஒவ்வொரு பிரதியிலிருந்தும் என் மருமகள் கழன்று விழுந்தாள். விழுந்த ஒற்றையைக் கண்டெடுத்தவர்கள் நல்ல மனசோடு அங்கே இங்கே கொண்டு திரிந்தார்கள். ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் உரிய ஆட்கள் வந்து எடுக்கட்டும் என்று பணிஸ் வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வெளியே தெரிகிறமாதிரி நிறுத்தி வைத்திருந்தார். முக்காட்டுத் தாள் எங்கேயோ விழுந்துவிட்டது. ராத்தா அந்த வழியால் போனபோது, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கும்படி மகள் கண்ணாடிக்குள் நின்றாள்.

அந்த ஒற்றையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தா.

"எத்தினை பேருட புள்ளைகள் அந்தப் புத்தகத்துக்குள்ள இரிக்கி. ஏன்டா தம்பி என்ட புள்ள மட்டும் விழுகுது?"

சொன்னேன். உன்னிடம் சொல்லாததை ராத்தாவிடம் சொன்னேன். ராத்தா அந்த ஒற்றையின் வெட்டுண்ட விளிம்பை விரலால் தடவினா.

"அந்தப் பொடியன்தான் என்ட புள்ளைய இவ்வளவு நாளும் புடிச்சிக்கிட்டு இருந்திரிக்கான்" என்றா. "அவங்கட வீட்டுக்குப் போ. இண்டைக்கே போ."

அன்று கடையடைப்பு. மறுநாள் சுற்றிவளைப்பு. அதற்கு மறுநாள் எனக்குக் காய்ச்சல். காரணத்துக்குப் பஞ்சமே இல்லாத காலம் அது. இரண்டு வருசமாகியும் நான் உங்கள் வீட்டுக்குப் போகவில்லை. யுத்தம் முடிந்தது என்று வீதியெல்லாம் வெடி கொளுத்திய கிழமையில் உனக்கு நெஞ்சுவலி வந்ததாகவும் வழியிலேயே முடிந்துவிட்டதாகவும் ஒருவர் வந்து சொன்னார். பாண்டிருப்பில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். வேலிக்கு வெளியே நின்றேன். உன்னை எடுத்துக்கொண்டு போகும்போது கூட்டத்தின் கடைசியில் நடந்தேன். தோள் கொடுக்கிறேன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டிருந்தால் தந்திருப்பார்கள்.

இதுவரை எழுதி மடித்து வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து மீண்டும் எழுதுகிறேன். நேற்று மாதிரித் தாள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் சுளகை வைத்துவிட்டு, "வா மனே" என்றா. நாலு வருசத்துக்குப் பிறகு போனவனை நேற்று வந்துபோனவனைப் போலக் கூப்பிட்டா. தேத்தண்ணி ஊற்றித் தந்தா. அதைக் குடித்து முடிக்கவே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

"அம்மா, புத்தகத்தத் திருப்பி அடிக்கப்போறன். இந்தமுறை தம்பிட ஒத்தையப் போடுவன். ஒருத்தருக்கும் பயமில்ல. தாள நீங்களே தெரிவு செய்யுங்க" என்றேன்.

வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வசனம் அது. அம்மா மாதிரித் தாள்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாக விரலுக்கு நடுவில் உரசிப் பார்த்தா.

"போடாத மனே."

எனக்கு விளங்கவில்லை.

"அப்ப, செத்திட்டான் எண்டு சொல்லியாவது வாய்விட்டு அழுவமெண்டுதான் கேட்டன். இப்ப தடுப்பு முகாமுகள்ல இரிந்து ஆக்கள் வருதுகள். நானும் அவன்ட பேரப் பதிஞ்சு வச்சிரிக்கன். செத்தவங்கட பொத்தகத்தில அவன்ட முகத்தப் போட்டா, வாற புள்ளைய வராத எண்டு சொல்லுறதாப் போகும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனதை, வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். பேச்சை மாற்றுவதற்காக, மூன்றாம் ஒற்றை இல்லாவிட்டால் ஆறாம் ஒற்றை நிற்காது, போனமுறை அதனால்தான் என் மருமகள் விழுந்தாள் என்று விளக்கத் தொடங்கினேன்.

"தெரியும்" என்றா அம்மா. "மூத்தவன் சொன்னவன்."

"என்ன சொன்னவன்?"

"பொத்தகம் அடிக்கக் குடுத்த அண்டைக்கு வந்து சொன்னவன். 'தம்பிய அவன்ட மருமகளோட ஒரே தாளில வச்சிரிக்கன் அம்மா. யோசியாதீங்க. அவன் பாத்துக்கொள்ளுவான்' எண்டு."

வீதியால் ஒரு பஸ் போனது. நீ என்னைக் கட்டிப்போட்டாய் என்று நினைத்த கோபத்தில்தானே என் கை நடுங்காமல் நின்றது? அந்தக் கோபத்தை இத்தனை வருசமும் ஒரு காரணமாக வைத்திருந்தேன், மச்சான். அது போய்விட்டது. அதன் இடத்தில் இப்போது உன் வார்த்தை இருக்கிறது. அவன் பாத்துக்கொள்ளுவான். தாளை மடிக்கும்போதும் நூலைக் கோர்க்கும்போதும் அதுதான் கேட்கிறது. நான் மௌத்தாகும்வரை கேட்கும்.

"தெரிஞ்சுதான் வெட்டினன் அம்மா" என்றேன். "மற்றது விழும் எண்டு தெரிஞ்சு வெட்டினன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பூச்சில்லாத தடித்த தாளை மட்டும் எடுத்து மற்றதையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டா.

"இது நல்ல தாள். இதில எழுதலாம். அந்த ஒத்தைய வெறுமையா விடு. வந்தா அவனே எழுதட்டும்."

வந்ததும் படிவத்தை நிரப்பித் தொலைநகலில் அனுப்பினேன். தாள் அம்மா எடுத்தது. அட்டை நெல்லு நிறத் துணி. நூலால் தைக்கவேண்டும். இந்தமுறை அவர்களே தைக்கட்டும், என் கையை எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்றாம் பாகம் மூன்றாம் ஒற்றை இரு பக்கமும் வெறுமை என்று எழுதி அடிக்கோடு இட்டேன்.

இன்று காலை அச்சகத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் பேசினாள். நல்ல மரியாதையான குரல்.

"சேர், இந்த ஒற்றையில ரெண்டு பக்கமும் ஒண்டுமே இல்ல. பிழையா வந்திட்டுதா? எடுத்துவிடட்டா?"

"எடுத்தா ஆறாவது விழும் பிள்ளை" என்றேன்.

அவள் சரி என்று வைத்துவிட்டாள். ஒரு நொடியில் சொல்லி முடிகிற வசனம். அதை வாய்திறந்து சொல்ல எனக்கு நீ இல்லாமற் போகவேண்டியிருந்தது.